நாலு பொருள், மூன்று பொருளுக்கான கணக்கு

லினக்ஸில் ஓடும் நிரல்களில் பெரும்பாலானவை, கோப்பைத் திறப்பது முதல் இணைய முகவரி தேடுவது வரை எல்லாவற்றுக்கும் ஜிலிப்சி என்ற நூலகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. 2000 நவம்பரில் வெளியான அதன் 2.2 பதிப்போடு ஒரு கூட்டல் பிழையும் உள்ளே நுழைந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரி 27 அன்று, குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதை 'கோஸ்ட்' என்ற பெயரில் அம்பலப்படுத்தியது. பெயரில் பேய் இருந்தாலும், பிழைக்கு வாசலாக இருந்த 'கெட்ஹோஸ்ட்பைநேம்' என்ற செயற்கூற்றின் பெயரிலிருந்து வந்ததுதான் அது.

ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது இந்தச் செயற்கூற்றின் வேலை. கொடுத்த பெயரே வெறும் எண்ணும் புள்ளியுமாக இருந்தால் தேட வேண்டியதில்லை. ஒதுக்கிய இடத்தில் நாலு பொருள்களை எழுதினால் முடிந்தது. எண் முகவரி, நினைவக இடங்களைக் காட்டும் சுட்டிகளின் பட்டியல், தனிச் சுட்டி ஒன்று, அந்தப் பெயர். எழுதும் முன் இடம் போதுமா என்று கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கில் தனிச் சுட்டி விட்டுப்போனது. மூன்று பொருளுக்கு அளந்துவிட்டு நாலை எழுதினால்? நூலகம் எழுதப்பட்ட சி மொழி தடுக்காது. மிஞ்சியது பக்கத்து நினைவகத்தின் மேல் போய் விழும். பஃபர் ஓவர்ஃப்ளோ என்பது இதுதான்.

வழிந்தது 32 பிட் கணினியில் அதிகபட்சம் 4 பைட், 64 பிட்டில் 8. அதிலும் எண்களும் புள்ளிகளும் முடிவுக் குறியும் மட்டுமே. இதில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் அதுவே போதுமாக இருந்தது. மின்னஞ்சல் கொண்டுவரும் கணினி முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைச் சரிபார்க்கும்படி அமைத்த எக்ஸிம் அஞ்சல் சேவையகத்திடம், பெயருக்குப் பதிலாக நீண்ட எண்வரிசையைச் சொல்லித் தொடங்கி, சேவையகத்தையே கைப்பற்றிக் காட்டினார்கள் குவாலிஸ் ஆய்வாளர்கள்.

உண்மையில் வயிற்றெரிச்சல் இதுவல்ல. 2013 மே 21 அன்றே ஜிலிப்சியில் இந்தப் பிழை திருத்தப்பட்டுவிட்டது! பாதுகாப்புத் திருத்தம் என்று யாரும் குறிக்காததால், டெபியன் 7, சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 12.04 போன்ற லினக்ஸ் வழங்கல்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மருந்து வந்து இருபது மாதங்கள் ஆகியும் அவை நோயோடுதான் ஓடின. நிரலாளர்களைவிட இந்தச் சீட்டு ஒட்டாத பழக்கத்தைத்தான் அதிகம் குறை சொல்ல வேண்டும்.

சேவையகம் பராமரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிலிப்சியைப் புதுப்பித்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் நினைவகத்தில் பழைய நூலகத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.