மகிழ்மதிப் பேரரசு: கற்பனையும் வரலாறும்

மகிழ்மதி என்பது ச. சு. இராசமௌலி இயக்கிய பாகுபலி திரைப்படங்களுக்காக உருவாக்கப்பட்ட கற்பனைப் பேரரசு. முதல் பாகம் 2015 சூலை 10 அன்றும், இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. கதையை எழுதியவர் இயக்குநரின் தந்தை விசயேந்திர பிரசாத். படங்கள் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டன. முதல் பாகம் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

இப்பேரரசு எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, எந்த வரைபடத்தில் இருக்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எந்த நூற்றாண்டிலும் இல்லை, எந்த வரைபடத்திலும் இல்லை என்பதே நேரான விடை. ஆனால் அதன் பெயர், படை, அரியணைப் போட்டி, எதிரிகள் ஆகியவற்றில் பலவற்றுக்கு இந்திய மரபிலும் வரலாற்றிலும் முன்னோடிகள் உண்டு. எது புனைவு, எது பழமரபு, எது சான்றுள்ள வரலாறு என்று பிரித்தறிவதற்கு மகிழ்மதி ஒரு நல்ல பயிற்சிக் களம். இக்கட்டுரை அந்த மூன்றையும் தனித்தனியே காட்ட முயல்கிறது.

பெயர்

தெலுங்கிலும் வடமொழியிலும் இந்நாட்டின் பெயர் மாகிஷ்மதி. மகிஷம் என்றால் எருமை. தமிழ் வடிவத்தில் ஒலியைச் சற்றே மாற்றி 'மகிழ்மதி' என்றாக்கினார்கள். எருமையைக் குறித்த சொல் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இவ்வாறே பல்லாளதேவன் தமிழில் பல்வாள்தேவன் ஆனான். பிச்சளதேவன் பிங்கலத்தேவன் ஆனான். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த திருத்தணி போன்ற எல்லை ஊர்களில் இரண்டு மொழிப் பெயர்களும் அடுத்தடுத்த வீடுகளிலேயே புழங்குவதால், இரண்டும் வேறு வேறு நாடுகளோ என்ற குழப்பம் பிள்ளைகளுக்கு வருவது இயல்பு. நாடு ஒன்றுதான்.

மாகிஷ்மதி என்ற பெயரில் உண்மையாகவே ஒரு பழைய நகரம் இருந்தது. அவந்தி நாட்டின் தலைநகராகப் பாலி நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. மகாபாரதத்தின் சபா பருவத்தில் சகதேவன் தென்திசைப் படையெடுப்பின்போது மாகிஷ்மதியின் அரசன் நீலனோடு போரிடுகிறான். அந்நகரை அக்கினிதேவன் காத்து நிற்கிறான். ஆயிரம் கைகள் கொண்ட கார்த்தவீரியார்ச்சுனன் ஆண்ட ஊரும் இதுவே என்பது புராணம். காளிதாசரின் இரகுவம்சத்திலும் நருமதை சூழ்ந்த நகரமாக இது வருகிறது.

மத்தியப் பிரதேசத்தில் நருமதைக் கரையிலுள்ள மகேசுவரம்தான் அந்நகரம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஓங்காரேசுவரப் பகுதியைச் சொல்வோரும் உண்டு. மகேசுவரத்திலும் எதிர்க்கரையிலுள்ள நவ்தாதோலியிலும் 1950களில் எச். டி. சங்காலியா தலைமையில் நடந்த அகழாய்வில் செம்புக்கால மக்களின் குடியிருப்புகள் வெளிப்பட்டன. கிடைத்தவை வண்ணம் தீட்டிய பானைகள், தானியங்கள், கல் கருவிகள் போன்றவை. பொன்மாளிகை எதுவும் கிடைக்கவில்லை.

கதைக்குள் வரலாறு

அரச குடும்பத்தில் மூத்தவனான பிங்கலத்தேவன் அரியணைக்குத் தகுதியற்றவன் எனத் தள்ளப்பட்டு, அவன் தம்பி அரசனாகிறான். அரசன் இறந்தபின், அரசி ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டு மறைகிறாள். பிங்கலத்தேவனின் மனைவி சிவகாமி தன் மகன் பல்வாள்தேவனையும் தாயற்ற அமரேந்திர பாகுபலியையும் சமமாக வளர்க்கிறாள். குழந்தைகள் வளரும்வரை அவளே ஆட்சியை நடத்துகிறாள்.

காலகேயர் என்ற கூட்டத்தார் படையெடுத்து வரும்போது, அப்போரே இளவரசர் இருவருக்கும் தேர்வாகிறது. பகைவரைக் கொல்வதோடு, பிணையாகப் பிடிபட்ட மக்களையும் காப்பாற்றிய பாகுபலியைச் சிவகாமி அரசனாக அறிவிக்கிறாள். பின்னர் குந்தள இளவரசி தேவசேனையின் திருமணம் குறித்து எழும் பிணக்கில் அரியணை பல்வாள்தேவனுக்குப் போகிறது. சூழ்ச்சியை நம்பிய சிவகாமியின் ஆணையால் பாகுபலியைக் கட்டப்பா கொல்கிறான். தேவசேனை 25 ஆண்டுகள் சங்கிலியில் கிடக்கிறாள். அருவிக்குக் கீழேயுள்ள மலைக்குடிகளிடம் வளர்ந்த மகன் மகேந்திர பாகுபலி திரும்பிவந்து ஆட்சியை மீட்கிறான்.

ஆட்சியும் சமூகமும்

மகிழ்மதியில் அரசாட்சி என்பது அரியணையில் இருப்பவரின் வாய்ச்சொல்தான். சிவகாமி சொன்னது அக்கணமே சட்டம். அமைச்சர்கள் இருக்கிறார்கள்; ஆனால் எதிர்வாதம் செய்யும் சபை இல்லை. கதையின் துன்பம் முழுவதும் இந்த ஒரு குறையிலிருந்தே பிறக்கிறது. தவறான ஆணையை நிறுத்திவைக்க ஒரு வழி இருந்திருந்தால் பாகுபலி இறந்திருக்க மாட்டான்.

இரண்டாவது தூண் கட்டப்பாவின் குலம். அவன் முன்னோர் அரியணைக்கு அடிமைகளாக இருப்பதாக வாக்களித்ததால் அவனும் அடிமை. பெருவீரன், அறிவாளி, ஆயினும் ஆணையை மறுக்க உரிமையற்றவன். படம் இதைப் பெரும்பாலும் விசுவாசம் என்ற உயர்ந்த பண்பாகவே காட்டுகிறது.

இதனோடு ஒப்பிடத் தக்கவர்கள் சோழர் காலத்து வேளைக்காரப் படையினர். உயிரைக் கொடுத்தும் காப்பதாக உறுதி பூண்டவர்கள் அவர்கள். இலங்கையின் பொலன்னறுவையில் புத்தரின் பல் தாதுக் கோயிலைக் காக்க உறுதியளித்து அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் உள்ளது. ஆனால் அதே படையினர், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் விசயபாகு சோழர்மீது போருக்கு அனுப்ப முயன்றபோது மறுத்துக் கலகம் செய்தனர் என்று சூளவம்சம் கூறுகிறது. உறுதிமொழி தந்த மனிதருக்கும் மறுக்கும் மனம் இருந்தது என்பதை வரலாறு பதிவு செய்திருக்கிறது. கட்டப்பாவுக்கு அந்த மனத்தைக் கதை கடைசிவரை கொடுக்கவில்லை.

சிவகாமியைப் போன்ற ஆட்சியாளருக்கு வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டா? மகேசுவரத்திலேயே உண்டு. 1767 முதல் 1795 வரை இந்தூர் அரசை அங்கிருந்து ஆண்டவர் அகில்யாபாய் ஓல்கர். கணவரையும் மாமனாரையும் மகனையும் இழந்தபின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். படித்துறைகள், கிணறுகள், சத்திரங்கள், கோயில்கள் என அவர் செய்த பணிகள் காசி முதல் இராமேசுவரம் வரை பேசப்படுகின்றன. திரைக்கதை எழுதியவர்கள் இவரை எண்ணி எழுதினார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. பழைய மாகிஷ்மதி என்று கருதப்படும் ஊரை ஒரு பெண் உண்மையிலேயே ஆண்டார் என்பதை அறிந்துகொண்டால் போதும்.

பாகுபலி என்ற பெயர்

வலிய தோளை உடையவன் என்பது இப்பெயரின் பொருள். சமண மரபில் முதல் தீர்த்தங்கரரான ரிசபதேவரின் மகன்களான பரதனும் பாகுபலியும் அரசுக்காகப் பொருதுகின்றனர். பாகுபலி வெல்கிறார். வென்ற அந்த வேளையிலேயே வெறுப்புற்று, நாட்டைத் துறந்து தவத்தில் நின்றுவிடுகிறார். கருநாடகத்தின் சிரவணபெளகொளாவில் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கங்க அமைச்சர் சாமுண்டராயர் செதுக்குவித்த 57 அடி உயரச் சிலை இவருடையதே.

திரைப்படத்தில் பல்வாள்தேவன் தனக்குத் தானே வானளாவிய பொற்சிலை எழுப்புகிறான். அதை நிமிர்த்த மக்கள் கசையடி படுகிறார்கள். சிரவணபெளகொளாவில் நிற்பதோ அரசைத் துறந்தவரின் ஆடையற்ற உருவம். முன்னது சரிந்து விழுகிறது. பின்னது ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது.

படையும் போரும்

பல்வாள்தேவனின் தேரில் முன்புறம் சுழலும் கத்திகள் உண்டு. இது முழுக் கற்பனை என்று எண்ண வேண்டாம். மகத அரசன் அசாதசத்துரு வச்சி நாட்டாரோடு பொருதபோது, ஆயுதம் பூட்டிய இரதமுசலம் என்ற தேரையும், பெருங்கல் எறியும் பொறியையும் பயன்படுத்தினான் என்று சமண நூல்கள் கூறுகின்றன. அணிவகுப்புகளுக்கு வியூகப் பெயர் சூட்டும் வழக்கம் மகாபாரதத்திலிருந்து வருவது.

காலகேயர் என்ற பெயரும் மகாபாரதத்தில் உள்ளதே. பகலில் கடலுக்குள் ஒளிந்து இரவில் முனிவரைக் கொன்ற அசுரர்கள் அவர்கள். அவர்களை வெளிப்படுத்தவே அகத்தியர் கடலைக் குடித்தார் என்பது கதை.

எதிரிக்கு ஒரு மொழி

தமிழ் வடிவத்துக்கு உரையாடல் எழுதிய மதன் கார்க்கி, காலகேயருக்காகக் 'கிளிக்கி' என்ற மொழியை உருவாக்கினார். ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக அது அறிவிக்கப்பட்டது. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, அம்மொழிக்கு எழுத்துகளோடு ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. சே. ஆர். ஆர். டோல்கியன் தம் கதைகளுக்கு மொழிகளைப் படைத்த மரபில் இதுவும் ஒன்று. ஆனால் டோல்கியன் செழுமையான மொழிகளைத் தாம் போற்றிய எல்ஃப் இனத்தாருக்கு அளித்தார். இங்கே தனி மொழி கிடைத்தது காட்டுமிராண்டிகளாகக் காட்டப்பட்ட கூட்டத்துக்கு.

காலகேயர் அனைவரும் கரிய நிறத்தவராகவும் அருவருப்பூட்டுவோராகவும், அரச குலத்தார் வெளிர்நிறத்தவராகவும் காட்டப்பட்டது குறித்துக் கண்டனங்கள் எழுந்தன. தமிழ் வடிவில் வசையாக வந்த ஒரு சொல், ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெயரைச் சுட்டுவதாக 2015இல் தமிழ்நாட்டில் எதிர்ப்பும் நடந்தது. நாடு கற்பனையாக இருக்கலாம். அதன் நிறப் பாகுபாடும் வசையும் நம் தெருவிலிருந்து போனவை. கற்பனை நூல்களைப் படிக்கும்போது மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

மகிழ்மதியில் இல்லாதவை

கலை இயக்குநர் சாபு சிரில் ஐதராபாத்தின் இராமோசி திரைப்பட நகரில் எழுப்பிய அரங்குகள் அரண்மனையையும் கோட்டையையும் கண்முன் நிறுத்தின. ஆயினும் ஒரு பேரரசை நடத்தத் தேவையான பல பொருள்கள் அங்கே இல்லை. வரி எவ்வளவு? நெல் எங்கே விளைகிறது? ஏரியை யார் தூர் வாருகிறார்கள்? நிலம் யார் பெயரில் இருக்கிறது? படங்களில் விடை இல்லை. கதைக்கு அது தேவையும் இல்லை. உண்மைப் பேரரசோ இவற்றாலேயே அடையாளம் காணப்படுகிறது.

இதற்குத் திருத்தணி வட்டாரத்திலேயே சான்று உண்டு. மலைக்கோயிலுக்குச் செல்வோர் பலர் பார்க்காமல் போகும் வீரட்டானேசுவரர் கோயில், கடைசிப் பல்லவ அரசர்களுள் ஒருவனான அபராசிதவர்மன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்கோயில். அரசனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. கட்டியவர் பெயர் கல்லில் நிற்பதால், அரசனல்லாத ஒருவரும் ஆயிரம் ஆண்டுக்குப் பின் நமக்குத் தெரிகிறார். மகிழ்மதிக் கோட்டையைக் கட்டிய கொத்தர் ஒருவரின் பெயரையாவது நாம் அறிவோமா?

அருகிலுள்ள திருவாலங்காட்டில் கிடைத்து 1905இல் வெளித்தெரிய வந்த செப்பேடுகள் இன்னும் தெளிவான பாடம் தருகின்றன. 31 ஏடுகள் கொண்ட இத்தொகுதி முதலாம் இராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வளையத்தின் முத்திரையில் புலியும் மீனும் வில்லும் உள்ளன. இதன் வடமொழிப் பகுதி சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்கி, மனு, இக்குவாகு, சிபி என்று இறக்கிக்கொண்டு வருகிறது. அபராசிதனை முதலாம் ஆதித்தன் வென்றது போன்ற வரலாற்றுச் செய்திகளும் அதே பகுதியில் வருகின்றன. தமிழ்ப் பகுதியோ பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததை, எல்லை எல்லையாக விவரிக்கிறது. சோழர் கால வழக்கப்படி பெண் யானையை ஊரைச் சுற்றி நடத்தி, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள். பாகுபலி படங்களிலும் யானை உண்டு. அது வீரனை மத்தகத்தில் ஏற்றிக் காட்டுகிறது. செப்பேட்டு யானை நிலத்தை அளந்து காட்டுகிறது.

ஒரே செப்பேட்டில் புனைவான முன்னோரும் உண்மையான வயலும் இருக்கின்றன என்பதை மாணவர் மறக்கக் கூடாது. திரைப்படம் கற்பனை, கல்வெட்டு உண்மை என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிட முடியாது. பேரரசர்களும் தங்களுக்குக் கதை எழுதிக்கொண்டார்கள்.

வேறுபாடு அறிதல்

ஒரு பேரரசைப் பற்றிய செய்தி எதைப் படித்தாலும், பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகலாம்.

1. இதைச் சொல்பவர் யார்? அந்தக் காலத்தவரா, பின்வந்தவரா?
2. இந்தச் செய்தியால் பெருமை அடைபவர் யார்?
3. வேறொரு சான்று, குறிப்பாக எதிரியின் சான்றோ மண்ணுக்குள் கிடைத்த பொருளோ இதற்கு ஒத்துவருகிறதா?
4. அரசன் அல்லாத மக்கள், அவர்களின் நிலம், வரி, உழைப்பு இதில் எங்கே இருக்கின்றன?

சூரியனிலிருந்து பிறந்த சோழர் என்ற செய்தி இரண்டாம் கேள்வியிலேயே நின்றுவிடும். பழையனூரின் எல்லை நான்கையும் தாண்டிவிடும்; அவ்வூர் இன்றும் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். மகிழ்மதியை ரசிப்பதற்கு இந்தக் கேள்விகள் தடையல்ல. அதைக் கற்பனை என்று தெரிந்துகொண்டே ரசிப்பவருக்கு, அதற்குள் ஒளிந்திருக்கும் மகேசுவரமும் சிரவணபெளகொளாவும் பொலன்னறுவையும் கூடுதலாகக் கிடைக்கின்றன.