முதல் ஆறு ஆண்டுகள்: உணவும் உரையாடலும்

பட்டுப்புழு வளர்ப்புக்கும் பட்டு நெசவுக்கும் பெயர் பெற்ற ஊர் கொள்ளேகால். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டம், அதன்பின் மைசூர் மாவட்டத்துடன் இணைக்கப்பெற்றது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருந்துவருகிறது. இப்பகுதிப் பட்டு விவசாயிகள் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. புழுவின் வாழ்வில் ஐந்து பருவங்கள் உள்ளன. அது உண்ணும் மல்பெரித் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்திலேயே தேவைப்படுகிறது. ஆயினும் அனுபவம் மிக்கவர்கள் பெரிதும் கவலை கொள்வது முதல் இரு பருவங்களைப் பற்றியே ஆகும். இளந்தளிர், தக்க வெப்பம், போதிய ஈரப்பதம் ஆகியவை அப்போது குறைந்துவிட்டால், பின்னர் எவ்வளவு தழை இட்டாலும் நல்ல கூடு கிடைப்பதில்லை.

மனிதக் குழந்தை புழுவைப்போல் அத்துணை எளிதில் கெட்டுப்போவதன்று. தொடக்கத்தில் நேர்ந்த குறைகளைப் பிற்காலத்தில் ஓரளவு ஈடு செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. எனினும், எந்தப் பருவத்தில் கவனம் மிகுதியாகத் தேவை என்ற வினாவுக்கு விடை இரண்டு இடத்திலும் ஒன்றே. மனித மூளை அதன் முழு எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை ஆறு வயதுக்குள் எட்டிவிடுகிறது. பள்ளியின் வாயிலைக் குழந்தை மிதிப்பதற்கு முன்பே அதன் அறிவுக்கும் உணர்ச்சிக்கும் நடத்தைக்கும் அடித்தளம் அமைந்துவிடுகிறது. அந்த அடித்தளம் எவ்வாறு அமைகிறது, அதில் அரசுத் திட்டங்களின் பங்கு யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளர்ச்சியின் படிகள்

குழந்தை வளர்ச்சியைப் படிப்படியாகப் பகுத்துக் காணும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தன. ஐந்தாம் மாதத்தை ஒட்டித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தை ஒட்டிக் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வருவது வருகை. அதற்குப் பின் நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம் வருகிறது.

இன்றைய குழந்தை மருத்துவ அளவைகளும் இதே வரிசையைத்தான் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து வெளியிட்ட அளவையின்படி, பிடிமானமின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 முதல் 9 மாதங்களுக்குள்ளும், தனியே நடத்தல் 8 முதல் 18 மாதங்களுக்குள்ளும் நிகழ்கின்றன. இவ்விடைவெளி எவ்வளவு அகன்றது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்தது என்பதற்காகத் தம் குழந்தையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

பிள்ளைத்தமிழில் மற்றொரு நுட்பமும் உள்ளது. ஒவ்வொரு பருவத்திலும் ஒருவர் குழந்தையை நோக்கிப் பேசுகிறார், கைகொட்டச் சொல்கிறார், வருக என அழைக்கிறார், நிலவைச் சுட்டிக் காட்டுகிறார். குழந்தை தானே வளர்வதில்லை, ஒருவரோடு கூடி வளர்கிறது என்னும் கருத்து அவ்வமைப்பிலேயே பொதிந்துள்ளது. தாய் நிலவைச் சுட்டும்போது குழந்தை அவள் விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பின்னர் அவள் முகத்தைப் பார்க்கிறது. இருவர் ஒரே பொருளில் கவனம் செலுத்தும் இந்நிகழ்ச்சியிலிருந்தே சொல்லும் பொருளும் இணைகின்றன என்று வளர்ச்சி உளவியலார் கூறுவர்.

அறிவு, உணர்ச்சி, நடத்தை

படிப்பின் வசதிக்காக இம்மூன்றையும் தனித்தனியே பிரிக்கிறோம். குழந்தையின் வாழ்வில் அவை பிரிவதில்லை. எட்டு அல்லது ஒன்பது மாதக் குழந்தை, அறிமுகமில்லாதவரைக் கண்டு அழுகிறது. இது அச்சம் என்னும் உணர்ச்சி. ஆனால், தாயின் முகத்தையும் பிற முகங்களையும் வேறுபடுத்தி நினைவில் வைக்கும் அறிவு வளர்ந்திராவிடில் அவ்வச்சம் தோன்றாது. தாயை இறுகப் பற்றிக்கொள்வது அதன் நடத்தை. ஆக, ஓர் அழுகைக்குள் மூன்றும் அடங்கியுள்ளன.

இரண்டு வயதுக் குழந்தை தரையில் புரண்டு அடம் பிடிப்பதும் இத்தகையதே. விருப்பம் வளர்ந்துவிட்டது, அதனைச் சொல்லப் போதிய சொற்கள் இல்லை, அடக்கிக்கொள்ளும் ஆற்றல் மூளையில் இன்னும் முதிரவில்லை. இதனைத் தீய குணம் எனக் கருதி அடிப்பதோ, பூச்சாண்டி வருவான் என்று அச்சுறுத்துவதோ நம் இல்லங்களில் வழக்கமாக உள்ளது. அச்சத்தால் அழுகை அப்போதைக்கு நிற்கலாம். ஆனால், சினம் வந்தபோது என்ன செய்வது என்பதைக் குழந்தை அதிலிருந்து கற்பதில்லை. “உனக்குக் கோபம் வந்துவிட்டது, அந்தப் பொம்மை வேண்டும் என்கிறாய்” என்று அதன் உணர்ச்சிக்கு ஒரு பெயர் சூட்டி, உறுதியாகவும் அன்பாகவும் மறுக்கும் பெரியவர், தம் குழந்தைக்குச் சொல்லையும் பொறுமையையும் ஒருங்கே கற்பிக்கிறார்.

உணவு மட்டும் போதுமா?

வளர்ச்சிக்கு உணவு முதல் தேவை என்பதில் ஐயமில்லை. கருவிலிருக்கும்போதே அத்தேவை தொடங்குகிறது. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997–98இல் கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்து, அவர்களுடைய குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 536 குழந்தைகளின் அறிவுத்திறன் 9–10 வயதில் சோதிக்கப்பட்டது. கருக்காலத்தில் தாயின் இரத்தத்தில் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து மிகுந்திருந்த குழந்தைகள் மேலான மதிப்பெண் பெற்றதாக 2010இல் வெளியான முடிவுகள் காட்டின. கீரையிலும் பயறு வகைகளிலும் உள்ள சத்து அது. இரும்புச்சத்துக் குறைவும் அயோடின் குறைவும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றன என்பதும் நன்கு நிறுவப்பட்ட உண்மை.

ஆயினும், உணவு மட்டும் போதுமா என்ற வினாவுக்கு விடை தந்தது ஜமைக்கா நாட்டில் நடந்த ஓர் ஆய்வு. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேர் 1986–87இல் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குச் சத்துணவு அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினரின் இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் சென்று, வீட்டிலேயே செய்த பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு விளையாடவும் பேசவும் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் பிரிவினர் இரண்டையும் பெற்றனர். நான்காம் பிரிவினர் எதையும் பெறவில்லை. இரண்டு ஆண்டுகளின் முடிவில், உணவு பெற்றோரும் விளையாட்டு பெற்றோரும் முன்னேறியிருந்தனர். இரண்டையும் பெற்றோரே மிகுதியாக முன்னேறினர். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் பெற்றவர்களின் வருவாய் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு மிகுந்திருந்தது. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நிலைத்த பயன் காணப்படவில்லை.

இதனைக் கொண்டு உணவு தேவையில்லை என்று முடிவு செய்வது பெரும் பிழையாகும். பசித்த குழந்தை விளையாடாது. உணவும் உரையாடலும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா என்பதே இவ்வாய்வு தரும் பாடம்.

நரசிப்புராவில் தொடங்கிய பணி

இப்பாடத்தை நம் நாட்டுத் திட்டம் முன்னரே உணர்ந்திருந்தது எனலாம். 1974ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைகள் கொள்கையைத் தொடர்ந்து, 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது மைசூர் மாவட்டத்தின் திருமகூடலு நரசிப்புரா. காவிரியும் கபினியும் கூடும் அவ்வூர், கொள்ளேகாலுக்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ளது. அங்கு 100 அங்கன்வாடி மையங்கள் முதலில் அமைக்கப்பட்டன.

துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி, பள்ளிக்கு முந்தைய முறைசாராக் கல்வி என ஆறு பணிகள் அத்திட்டத்தில் இணைக்கப்பட்டன. உடலையும் மனத்தையும் ஒருசேரக் கருதிய அமைப்பு இது.

ஆனால், இவ்வாறு பணிகளும் ஒரே வலிமையைப் பெறவில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி உணவைச் சட்டப்படியான உரிமையாக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ 6 முதல் 14 வயது வரை உள்ளோர்க்கே பொருந்தும். மூன்று முதல் ஆறு வயதினர்க்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவில் அதன் 11ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. உணவு உரிமையாகவும், விளையாட்டுக் கல்வி முயற்சியாகவும் உள்ள நிலை இது. அதற்கேற்ப, உணவின் அளவுக்கும் குழந்தையின் எடைக்கும் பதிவேடுகள் உண்டு. ஒரு குழந்தையோடு அன்று எவரேனும் பேசினரா என்பதற்குப் பதிவேடு இல்லை. எண்ணப்படுவது நடக்கும், எண்ணப்படாதது ஓய்வு கிடைத்தால் நடக்கும் என்பது நிருவாகத்தில் உள்ளோர் அறிந்ததே.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதலே கல்வியின் அடித்தள நிலை தொடங்குவதாக ஏற்றது. அங்கன்வாடிப் பணியாளர்க்கு ஊட்டச்சத்தோடு கல்வியிலும் பயிற்சி அளிக்கும் மத்திய அரசின் திட்டம் 2023இல் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கவை.

பல மொழிச் சூழல்

கொள்ளேகால் போன்ற எல்லைப்புற வட்டங்களில் மற்றொரு செய்தியையும் கருத வேண்டும். இங்குக் கன்னடம் பொதுமொழி. தமிழ், உருது பேசும் இல்லங்களும் உண்டு. மலைப்பகுதிகளில் சோலிகர் தம் மொழியைப் பேசுகின்றனர். வீட்டில் ஒரு மொழியும் மையத்தில் மற்றொரு மொழியும் கேட்கும் குழந்தை, முதல் சில வாரங்கள் வாய் திறவாமல் இருக்கலாம். அது அறிவுக் குறைவின் அடையாளமன்று. ஒரிசாவின் கோந்தர் பழங்குடியினரிடையே அஜித் மொகந்தி நடத்திய ஆய்வுகளில், தம் மொழியும் ஒரியாவும் அறிந்த குழந்தைகள் ஒரு மொழி மட்டும் அறிந்தோரைவிட அறிவுச் சோதனைகளில் மேம்பட்டு விளங்கினர். தாய்மொழியை விலக்கிவிட்டுப் புதிய மொழியைப் புகுத்தாமல், அதன்மேல் இதனைச் சேர்ப்பதே நல்ல வழியாகும். அக்குழந்தையின் வீட்டு மொழியில் பத்துச் சொற்களையேனும் பணியாளர் அறிந்திருத்தல் பெரும்பயன் தரும்.

“மந்தம்” என்னும் முத்திரை

பேசாத குழந்தையை “மந்தம்” என்று ஒதுக்குமுன் அதன் செவியைச் சோதிக்க வேண்டும். காது கேளாமையே பல நேரங்களில் அறிவுக் குறைவாகத் தோற்றமளிக்கிறது. மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் நாட்டின் முதன்மையான நிலையமாகும். பெங்களூரில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம் குழந்தை மனநலத்துக்குத் தனிப் பிரிவு கொண்டுள்ளது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் வளர்ச்சித் தாமதத்தைச் சில நிமிடங்களில் கண்டறியத் திருவனந்தபுரத்தில் 1991இல் உருவாக்கப்பட்ட 17 அம்ச அட்டவணையை, பயிற்சி பெற்ற கிராமப் பணியாளரே பயன்படுத்த இயலும். கருவிகளும் நிலையங்களும் உள்ளன. குழந்தை அவற்றை உரிய காலத்தில் சென்றடைய வேண்டும் என்பதே குறை.

தாயின் மனமும் நேரமும்

குழந்தையோடு பேசுமாறு தாய்க்கு அறிவுரை கூறுவது எளிது. புழுக்கள் கடைசிப் பருவத்தை எட்டும் நாட்களில், இரவும் பகலும் தழை இடும் இல்லத்தில் அவளுக்கு நேரம் ஏது? நூற்புக்கும் தறிக்கும் கூலிக்குச் செல்பவளுக்கும் இதே நிலைதான். மூத்த பெண் பள்ளியை விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள நேருமாயின், ஒரே வீட்டில் இரு குழந்தைகளின் வளர்ச்சி தடைப்படுகிறது. கிராமப் பஞ்சாயத்துகளில் பணிபுரியும் தாய்மாரின் மழலைகளுக்காகக் கர்நாடக அரசு 2023இல் அறிவித்த “கூசின மனெ” காப்பகங்கள் இக்குறையைத் தீர்க்க எழுந்தவை. குழந்தையின் வீடு என்பது அப்பெயரின் பொருள்.

தாயின் மனநிலையும் குழந்தையைத் தாக்குகிறது. பேற்றுக்குப் பின் மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகள் எடையிலும் பின்தங்குகின்றனர் என்பதைக் கோவாவிலும் வேலூரை அடுத்த கிராமங்களிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எடை குறைந்த குழந்தையைக் காணும் பணியாளர், “என்ன உணவு கொடுக்கிறாய்?” என்பதோடு, “நீ எப்படி இருக்கிறாய் அம்மா?” என்றும் கேட்பது மருத்துவ முறைப்படியே தேவையானதாகும்.

செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால் சில பணிகள் புலனாகின்றன. எடைப் பதிவேட்டின் அருகிலேயே குழந்தையின் பேச்சு, விளையாட்டு, பழகும் தன்மை ஆகியவற்றுக்கும் ஓர் எளிய பதிவு இருத்தல் வேண்டும். மேற்பார்வையாளர் மையத்துக்கு வரும்போது, உணவு இருப்பைப் பார்ப்பதோடு, கதையும் விளையாட்டும் நடைபெறும் அரைமணி நேரத்தையும் உடனிருந்து காண வேண்டும். பணியாளரின் பிற கணக்கெடுப்புச் சுமைகள் குறைக்கப்பட வேண்டும். இரண்டு வயது நிரம்புவதற்குள் ஒவ்வொரு குழந்தையின் செவியும் பார்வையும் சோதிக்கப்பட வேண்டும். பெற்றோர் கூட்டங்களுக்குத் தந்தையரும் அழைக்கப்பட வேண்டும். குழந்தையோடு பேசுவது தாய்க்கு மட்டும் உரிய கடமையன்று.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டையும், பழந்துணிப் பொம்மையும், நிலவைச் சுட்டும் ஒரு விரலும் போதும். அவற்றைப் பயன்படுத்த ஒரு பெரியவருக்கு நாள்தோறும் சிறிது ஓய்வு கிடைக்கச் செய்வதே திட்டமிடுவோரின் பொறுப்பு. நரசிப்புராவில் 100 மையங்களோடு தொடங்கிய பணி இன்று நாடு முழுவதும் பரவியுள்ளது. அம்மையங்களில் தட்டு நிறைவதோடு, ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைத்து ஒருவர் பேசுவதும் அன்றாட வழக்கமாகும்போதே அத்திட்டத்தின் ஆறாவது பணி நிறைவேறியதாகக் கொள்ளலாம்.