பொய்கையில் நின்ற ஆன்மா

தாம்பரத்திற்கு அணித்தாயுள்ள திருநீர்மலையில் திருமால் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களிற் காட்சி தருகின்றார். மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியுமட்டும் திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்தார் என்பது தலவரலாறு. காண வந்த உயிர்க்கும் இறைவனுக்கும் இடையே நீர் நின்ற இச்செய்தியே, புராணச் சிற்பங்களில் ஆன்மா எங்ஙனம் குறிக்கப்பெறுகின்றது என்னும் ஆராய்ச்சியில் எம்மைச் செலுத்திற்று.

உருவமிலாப் பொருளைக் கல்லில் வடித்தல் எளிதன்று. கிரேக்க மொழியில் 'சைக்கீ' என்னும் ஒரு சொல்லே ஆன்மாவையும் வண்ணத்துப்பூச்சியையும் குறித்தலின், அந்நாட்டார் ஆன்மாவை அப்பூச்சியின் சிறகுடைய மங்கையாக வடித்தனர். நம் நாட்டுச் சிற்பியரோ அதனை ஒரு கதையினுள் வைத்துக் காட்டினர். அத்தகைய கதைகளுள் கஜேந்திர மோட்சத்தைத் தலையாயதெனக் கொள்வோம்.

பாகவதத்தின் எட்டாங் கந்தத்தில் வரும் யானை நீர் வேட்கையாற் பொய்கையில் இறங்க, முதலை அதன் காலைப் பற்றிற்று. உடன் வந்த யானைகள் இழுத்தும் பயனில்லை. தன் வலியும் சுற்றத்தின் வலியும் ஒழிந்த பின்னரே அது தாமரையொன்றைத் துதிக்கையில் ஏந்தி இறைவனை அழைத்தது. தன்னைக் காக்க அன்று, மலர் வாடுமுன் திருவடியிற் சேர்க்கவே அழைத்தது என்பர் வைணவப் பெரியோர். இவ்வுரை எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது.

யானை ஆன்மா, பொய்கை பிறவி, முதலை வினை எனப் பொருள் கூறுதல் வழக்கம். அது தவறன்று, ஆயினும் அதனை வாய்பாடாக்கி எவ்விடத்தும் ஒட்டுதல் பொருந்தாது. இத்தாலி நாட்டு இரவென்னாவில், காலா பிளாசிடியா மண்டபத்தில், வண்ணக் கற்களைப் பதித்தமைத்த 5-ஆம் நூற்றாண்டு ஓவியமொன்றில் மான்கள் நீர் பருகுகின்றன. எம் திருமறையின் 42-ஆம் சங்கீதம் கடவுளை நாடும் ஆன்மாவை நீரோடையை வாஞ்சிக்கும் மானுக்கு ஒப்பிடுகின்றது. ஆண்டு நீர் தளையன்று. அடையவேண்டிய பேறே அது.

உத்தரப் பிரதேசத்துத் தேவ்கரில், குப்தர் காலத் தசாவதாரக் கோயிலின் வடபாற் சுவரில் இக்கதை செதுக்கப்பட்டுள்ளது. கருடன்மேல் திருமால் வருகின்றார். யானையின் காலைப் பிணித்திருப்பது முதலையன்று, நாகம். அந்நாகமோ மனித முகத்தோடு, தன் துணைவி அருகிருக்க, கைகூப்பி நிற்கின்றது! முதலையும் சாபத்தால் அவ்வுருவுற்ற கந்தருவனே என்றும், யானையோடு அதுவும் விடுதலை பெற்றதென்றும் பாகவதம் கூறும். பற்றியதை வெறும் வினை என்று முடித்தோர், குவிந்த அக்கைகளுக்கு யாது பொருள் கூறுவர்?