பத்து நிமிடம் வாசிப்பு, கேள்வி கிடையாது

ஜப்பானில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில், காலை முதல் பாடவேளைக்குச் சற்று முன்பு வகுப்பறைகள் அமைதியாகிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கும். ஆசிரியரும் தனக்குப் பிடித்த புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். வருகைப் பதிவேடு, திருத்த வேண்டிய நோட்டுகள் எதையும் அப்போது தொட மாட்டார். பத்து நிமிடம் ஆனதும் புத்தகத்தை மூடிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவார்கள். என்ன படித்தாய், அதில் என்ன நீதி என்று யாரும் கேட்பதில்லை.

‘காலை வாசிப்பு’ என்ற இந்த வழக்கம் 1988-இல், டோக்கியோவை அடுத்த சிபா மாகாணத்தின் ஃபுனபாஷி காகுயென் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. ஹயாஷி ஹிரோஷி, ஒட்சுகா எமிகோ என்ற இரு ஆசிரியர்கள் தொடங்கிவைத்தார்கள். ஜப்பானியப் பள்ளி என்றதும் தமிழ் வாசகர்களில் பலருக்கு ‘டோட்டோ-சான்’ புத்தகத்தில் வரும், ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான பள்ளி நினைவுக்கு வரும். ஃபுனபாஷி அப்படிப்பட்ட அபூர்வப் பள்ளியல்ல, சாதாரணப் பள்ளி. அங்கே முடிந்தது எங்கும் முடியும் என்ற நம்பிக்கையை அதுதான் மற்றப் பள்ளிகளுக்குக் கொடுத்தது.

ஹயாஷிக்குப் பொறி தட்டியது ஓர் அமெரிக்கரின் புத்தகத்தில். ஜிம் ட்ரெலீஸ் என்பவர் மாசசூசெட்ஸில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்தவர். தன் இரண்டு பிள்ளைகளுக்குத் தினமும் கதை வாசித்துக் காட்டிய அப்பா. பள்ளிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் பிள்ளைகளிடம், என்ன படிக்கிறீர்கள் என்று விசாரிப்பார். ஆசிரியர் வாய்விட்டு வாசித்துக் காட்டும் வகுப்புகளில்தான் பிள்ளைகள் தாமாகவும் படிக்கிறார்கள் என்பது அவருக்குப் பிடிபட்டது. அதை 1979-இல் சொந்தச் செலவில் சிறு கையேடாகப் போட்டார். 1982-இல் பெங்குவின் நிறுவனம் அதை விரிவாக வெளியிட, லட்சக்கணக்கில் விற்றது. பள்ளியில் எல்லாரும் தமக்குப் பிடித்ததைச் சத்தமின்றிப் படிக்க ஒரு நேரம் ஒதுக்கலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. ஹயாஷி அதைப் பிடித்துக்கொண்டார்.

காலை வாசிப்புக்கு விதிகள் நான்குதான். எல்லாரும் படிக்க வேண்டும். தினமும் படிக்க வேண்டும். பிடித்த புத்தகமாக இருக்கலாம். படித்தால் மட்டும் போதும். முதல் மூன்றையும் எந்தப் பள்ளியும் ஒப்புக்கொள்ளும். நான்காவதுதான் பெரியவர்களுக்குச் சிரமம். படித்ததற்கு அத்தாட்சியாக ஒரு பக்கச் சுருக்கமாவது எழுதி வாங்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். எழுதச் சொன்ன அந்த நிமிடமே கதைப் புத்தகமும் பாடப் புத்தகமாகிவிடுகிறது. பிள்ளை அதில் லயிப்பதை விட்டுவிட்டு, எழுதுவதற்கு வசதியான வரிகளைத் தேட ஆரம்பித்துவிடும். ‘கதைப் புத்தகத்தை வைத்துவிட்டுப் பாடத்தைப் படி’ என்ற அதட்டல் கேட்காத தமிழ் வீடு குறைவு. அந்தப் பத்து நிமிடத்துக்கு அதட்டலும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது.

2010-களில் இந்தப் பழக்கம் 25,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இருந்தது. பலன்? ஜப்பானில் பள்ளி நூலகச் சங்கமும் மைனிச்சி நாளிதழும் சேர்ந்து, மே மாதத்தில் எத்தனை புத்தகம் படித்தாய் என்று மாணவர்களிடம் ஆண்டுதோறும் கேட்டு வந்தன. 2000-ஆம் ஆண்டில், அந்த மாதம் ஒரு புத்தகம்கூடப் படிக்காத நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஐந்தில் இருவருக்கும் மேல். 2018-இல் அது ஐந்தில் ஒருவருக்கும் கீழே போய்விட்டது. முழுப் பெருமையையும் காலை வாசிப்புக்கே கொடுத்துவிட முடியாது. 2001-இல் குழந்தைகளின் வாசிப்பை வளர்க்கவென்றே அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஏப்ரல் 23 குழந்தைகள் வாசிப்பு நாள் ஆனது. பல ஊர்களில், கைக்குழந்தையை மருத்துவப் பரிசோதனைக்குத் தூக்கிவரும் தாயிடம் படப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்து அனுப்பும் திட்டமும் நடந்தது.

இதற்கெல்லாம் முன்பே வேர் விட்டிருந்தது வீட்டு நூலகம். ஜப்பானிய மொழியில் குழந்தை இலக்கியத்துக்கு வாழ்நாளைக் கொடுத்த எழுத்தாளர் இஷீ மொமோகோ, 1958-இல் டோக்கியோவின் ஒகிகுபோ பகுதியில் தன் வீட்டையே அக்கம்பக்கப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம், உட்கார்ந்து படிக்கலாம், எடுத்துப் போகலாம். எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது, எந்தப் புத்தகம் அலமாரியிலேயே தூங்குகிறது என்று அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். அந்த அனுபவத்தை 1965-இல் புத்தகமாக்கினார். அதைப் படித்த தாய்மார்கள் தங்கள் வீட்டு முன்னறையிலும் அலமாரி வைத்தார்கள். நாடெங்கும் ஆயிரக்கணக்கில் வீட்டு நூலகங்கள் முளைத்தன. குழந்தைக்கு எது பிடிக்கும் என்பதைக் குழந்தையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் இஷீ பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் இல்லாத நூலகம், எத்தனை அலமாரி வைத்தாலும் பிள்ளைகளை இழுக்காது.

பிள்ளைகளிடமே கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் ஒரு நல்ல சான்று கிடைத்தது. ஜப்பானியச் சிறுவர்களே வாக்களித்துத் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் ‘தேர்தல்’ அந்த ஆண்டு முதன்முறையாக முடிந்தது. 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. வென்றது விருது வாங்கிய நாவலோ செவ்விலக்கியமோ அல்ல. விலங்குகளிடம் உள்ள பரிதாபமான, வேடிக்கையான குறைகளைச் சொல்லும் ஓர் அறிவியல் புத்தகம். பெரியவர்கள் போடும் பரிந்துரைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பதின்வயதுதான் எங்கும் சிக்கல். அதே மே மாதக் கணக்கில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் 2018-இலும் ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை. நுழைவுத் தேர்வு, விளையாட்டு மன்றங்கள், கைபேசி என்று நாள் முழுவதும் பங்குபோட்டு எடுக்கப்பட்டுவிடுகிறது. காலை வாசிப்பு உள்ள உயர்நிலைப் பள்ளிகளும் பாதிக்குக் குறைவே.

இந்த வயதுக்கு ஆசிரியர் சொல்வதைவிடத் தோழன் சொல்வதுதான் காதில் ஏறும். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2007-இல் தானிகுச்சி தாதாஹிரோ உருவாக்கிய ‘பிப்லியோ பேட்டில்’ அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. ஒவ்வொருவரும் தான் ரசித்த புத்தகத்தோடு வந்து, துண்டுச்சீட்டு எதுவும் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேசுவார்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் கேள்வி பதில். கடைசியில் கூடியிருப்பவர்கள் எல்லாரும் வாக்களிப்பார்கள். யார் நன்றாகப் பேசினார் என்பதற்கு அல்ல, எந்தப் புத்தகத்தை உடனே படிக்கத் தோன்றுகிறது என்பதற்கு. வெற்றி பெறுவதும் புத்தகம்தான், பேசியவர் அல்ல. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்த விளையாட்டு இன்று பள்ளிகளுக்கும் பொது நூலகங்களுக்கும் பரவியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று தேசிய அளவிலும் போட்டி நடக்கிறது.