குளிரக் குளிர ஒரு சூப்

சூப் என்றால் ஆவி பறக்க வேண்டுமா என்ன? ரஷ்யர்களின் கோடைக்கால 'அக்ரோஷ்கா'வைச் சில்லென்றுதான் குடிக்க வேண்டும். பொடிப்பொடியாக நறுக்குவதைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வேலையும் அதுதான்.

வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, இறைச்சி, பச்சையாக வெள்ளரிக்காய், சிவப்பு முள்ளங்கி. எல்லாவற்றையும் ஒரே அளவில் சிறுசிறு துண்டுகளாக்க வேண்டும். வெங்காயத்தாளை மட்டும் உப்புச் சேர்த்துச் சாறு விடும்வரை நசுக்குங்கள், மணமே அதில்தான். அவித்த மஞ்சள் கருவைக் கடுகு விழுதோடு குழைத்துச் சேர்ப்பது பழைய கைப்பக்குவம்.

இனி, மேலே ஊற்றும் 'க்வாஸ்'. 'ரை' என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் கறுப்பு ரொட்டியை வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, ஈஸ்டும் சிறிது சர்க்கரையும் சேர்த்து ஓரிரு நாள் புளிக்கவைத்த பானம் அது. இனிப்பு கூடினால் சூப் கெட்டது. க்வாஸ் இல்லாத வீடுகளில் கெஃபிர் என்ற புளித்த பாலை ஊற்றுவார்கள். எது சரி என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை.

சோயிக்கீரையைத் தூவி, ஒரு கரண்டி புளித்த பாலேடு போட்டு, உடனே பரிமாறுங்கள். ஊற்றி வைத்துவிட்டால் முள்ளங்கியின் மொறுமொறுப்பு போய்விடும்.