மெல்லிய கைப்பேசி

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் இடையே ஒரு கிளைப்பாதை பிரிகின்றது. அவ்வழியே சென்றால் பண்ணைக்காடு என்னும் பேரூரை அடையலாம். கீழ்ப்பழனி மலையைச் சேர்ந்த இவ்வூரைச் சூழ்ந்து காப்பித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் உயர்ந்த மரங்களைப் பற்றி மிளகுக் கொடிகள் ஏறுகின்றன. அவற்றினிடையே மலைவாழையும் பயிராகின்றது.

மலைவாழையின்மீது குறை கூறுவோர் பலர். அதன் தார் சிறிது, பழமும் சிறிது, பலன் தர நெடுநாள் ஆகும், முடிக்கொத்து நோய்க்கு எளிதில் இரையாகும். 1970களில் அந்நோய் பரவியமையால் இம்மலையில் வாழை பயிரான நிலப்பரப்பு பெரிதும் சுருங்கிற்று. இக்குறைகள் யாவும் மெய்யே. ஆயினும் இம்மலை உழவர் அதனைக் கைவிட்டாரல்லர். மணமும் சுவையும் மிக்கதாய், நீர்ப்பதம் குறைந்ததாய் உள்ள அப்பழமே பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு மிகவும் உகந்தது. 2008ஆம் ஆண்டில் விருப்பாச்சி மலைவாழை புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு பொருளின் குறைகளை மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அதன் பின்னரும் அதனையே தேர்ந்துகொள்ளுதல் இம்மக்களுக்குப் புதிதன்று.

இந்நாளில் அத்தகைய தேர்வு கைப்பேசிக் கடையிலும் எழுகின்றது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் சாம்சங் நிறுவனம் கேலக்சி எஸ்25 எட்ஜ் என்னும் கைப்பேசியை வெளியிட்டது. அதன் தடிப்பு 5.8 மில்லிமீட்டர்; எடை 163 கிராம். அவ்வாண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் ஏர் வந்தது. அதன் தடிப்பு 5.6 மில்லிமீட்டர், எடை 165 கிராம். இரண்டினையும் கையிலெடுத்தோர் வியந்தனர்; ஆராய்ந்தோர் குறை கூறினர். மெலிவின்மீதுள்ள இவ்வேட்கை நேற்றுத் தோன்றியதன்று. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான மோட்டோரோலா நிறுவனத்தின் முதற் கைப்பேசி ஏறத்தாழ 790 கிராம் எடையுடையது. பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம். அந்தச் செங்கல் போன்ற கருவி தொட்டு இளைக்கத் தொடங்கிய கைப்பேசி இன்றும் இளைத்துக்கொண்டே வருகின்றது. நம் நாட்டு மைக்ரோமேக்ஸ் நிறுவனமும் 2015ஆம் ஆண்டில் 5.1 மில்லிமீட்டர் தடிப்பும் 97 கிராம் எடையும் உடைய கேன்வாஸ் ஸ்லிவர் 5 என்பதை வெளியிட்டது.

மெலிவினால் இழப்பது யாது? முதலாவது, மின்கலத்தின் கொள்ளளவு. கைப்பேசியின் உள்ளிடத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வது மின்கலமே. முன்புறத் திரைக்கும் பின்புறத் தகட்டிற்கும் வேண்டிய தடிப்பை ஓரளவிற்குமேற் குறைத்தல் இயலாது. ஆகவே, வெளியே மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் உள்ளே அதனினும் மிகுதியாகக் குறையும். சிறிய ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பார்ப்பின், தோலின் பங்கு மிகுந்தும் சுளையின் பங்கு குறைந்தும் இருத்தலைக் காணலாம், இதுவும் அத்தகையதே. இவ்விடரைத் தீர்க்க, ஐபோன் ஏரை வடிவமைத்தோர் மின்சுற்றுகளிற் பெரும்பாலானவற்றைக் கேமரா அமைந்த மேட்டுப் பகுதிக்கு ஏற்றிவிட்டு, கீழிடம் முழுவதையும் மின்கலத்திற்கு ஒதுக்கினர். அவ்வாறு செய்தும், உடன்வந்த ஐபோன் 17இல் 3692 மில்லி ஆம்பியர் மணியாக உள்ள கொள்ளளவு, ஏரில் 3149 ஆகவே அமைந்தது. 2023 முதல் சீன நிறுவனங்கள் சில, மின்கலத்தின் கரிப்பகுதியிற் சிலிக்கனைச் சேர்த்து, அதே இடத்தில் மிகுதியான மின்னாற்றலைத் தேக்கி வருகின்றன. எனினும் மின்னேறும்போது சிலிக்கன் பெரிதும் வீங்கும் இயல்புடையதாகலின், அதனை அளவறிந்தே சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, உறுதி. ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிப்பைப் பொறுத்து மும்மடிப் பெருக்கமாகக் கூடும் அல்லது குறையும். தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்புப் பாதியாவதன்று; எட்டில் ஒன்றாகிவிடும். 2014இல் வெளிவந்த ஐபோன் 6 பிளஸ், காற்சட்டைப் பையிலேயே வளைந்துபோயிற்று என்று வாங்கினோர் சிலர் முறையிட்டனர். அதன் தடிப்பு 7.1 மில்லிமீட்டர். அதனினும் மெல்லிய ஐபோன் ஏர் அவ்வாறு வளையாமைக்குக் காரணம், அதன் சட்டம் அலுமினியத்திற்கு மாறாக டைட்டேனியத்தால் ஆனமையே. தமிழில் மெலிவு என்னும் சொல் இளைத்தலையும் வலியிழத்தலையும் ஒருங்கே குறிக்கும். மூங்கிற் சிம்பும் பட்டு நூலும் அச்சொல்லுக்கு முழுதும் அடங்குவன அல்ல.

மூன்றாவது, கேமரா. கண்ணாடி வில்லைக்கும், ஒளியை ஏற்கும் தகட்டிற்கும் இடையே குறிப்பிட்ட தொலைவு வேண்டும். தொலைவிலுள்ளவற்றை அருகிற் காட்டும் வில்லைக்கு அவ்விடைவெளி இன்னும் மிகுதியாக வேண்டும். ஏரின் பின்புறத்தில் ஒரே கேமரா உள்ளது. அகன்ற காட்சிக்குரிய இரண்டாம் கேமரா இல்லை. அஃதின்மையால் மிக நெருங்கிப் படமெடுக்கும் வசதியும் இல்லாதொழிந்தது. நகரத்தில் வாழ்வார்க்கு இது சிறு குறை. பண்ணைக்காட்டுக் காப்பி உழவர்க்கோ அவ்வாறன்று. காப்பிக் காயைத் துளைக்கும் வண்டு இரண்டு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதது. அதனைப் படமெடுத்துத் தாண்டிக்குடியிலுள்ள காப்பி ஆராய்ச்சி நிலையத்தாருக்கோ வேறு வல்லுநர்க்கோ அனுப்பிக் கேட்க விரும்புவார்க்கு, இவ்விடத்தில் திறனாய்வோர் கூறும் குறை முழுதும் பொருந்தும்.

மின்கலம் பற்றிய குறையும் சமவெளியினும் மலையில் மிகுதியாக உறைக்கும். கைப்பேசி எப்பொழுதும் ஒரே வலிமையோடு அலைகளை அனுப்புவதன்று. அலைபேசிக் கோபுரம் அருகிலிருந்தால் மெல்லப் பேசும். தொலைவிலிருந்தாலோ, இடையில் மலை மறைத்தாலோ உரக்கப் பேசும். 4ஜி கைப்பேசி அவ்வாறு உரக்கப் பேசும்போது செலவிடும் அலைத்திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாட்டு வரை உயரும். அவ்வலையை உண்டாக்குவதற்கு மின்கலம் அதனினும் மிகுதியாகக் கொடுத்தாக வேண்டும். எனவே, பள்ளத்தாக்கிலுள்ள ஒரு தோட்டத்தில் மின்கலம் நகரத்திற்கிணையாக நாள் முழுதும் நிற்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது. மின்தடையும் மலைக்குப் புதிதன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியம் அருகே கரையேறிய கஜா புயல், உள்நாட்டைக் கடந்து கொடைக்கானல் மலையையும் தாக்கிற்று. மரங்கள் சாய்ந்தன, சாலைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது. அத்தகைய இரவில் ஆம்புலன்சை அழைப்பதற்கும் உறவினர்க்குச் செய்தி சொல்வதற்கும் கைப்பேசியில் எஞ்சியுள்ள மின்னாற்றலே துணை.

இவ்வளவும் அறிந்த பின்னரும் மெல்லிய கைப்பேசியை ஒருவர் தேர்ந்தெடுப்பாராயின், அவரை அறியாதவர் என்று இகழ்தல் முறையாகுமா? பண்ணைக்காட்டில் சிறு தோட்டமுடைய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மிளகு பறிக்கும் பருவத்தில் அவர் மூங்கில் ஏணியில் ஏறி நிற்பார். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் நாள் முழுதும் குனிந்து நிமிர்வார். சட்டைப்பையிலுள்ள கைப்பேசி ஒவ்வொரு குனிவிலும் முன்னே சரிகின்றது. 2025இல் வந்த ஐபோன் 17 புரோ மேக்ஸ் 233 கிராம் எடையுடையது. ஏரினும் 68 கிராம் மிகுதி. கடையில் ஒரு நிமிடம் ஏந்திப் பார்ப்பார்க்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. அதையே நெஞ்சின்மேல் எட்டு மணி நேரம் சுமந்து ஏணியேறுவார்க்கு அது பொருட்டாகும். திறனாய்வோரின் அட்டவணையில் மின்கலத்திற்கு ஒரு பத்தி உண்டு. கேமராவிற்கு ஒரு பத்தி உண்டு. ஏணிக்குப் பத்தி இல்லை. அவர்கள் பொருளை அளக்கின்றனர், அளவும் சரியானதே. அப்பொருளைக் கையாள்பவரின் நாள் எவ்வாறு கழிகின்றது என்பது அவர்களுடைய அளவைக்குள் வருவதன்று. அழகிற்காக வாங்குதல் வீண் என்பாரும் உளர். வேலைப்பாடமைந்த வெற்றிலைப் பெட்டியைப் போற்றி வைத்திருந்த மக்களிடம் இவ்வாதம் நெடிது செல்லாது.

சிறிய மின்கலத்திற்கு மாற்றாகத் துணை மின்கலம் ஒன்றை உடன்கொண்டு செல்லலாமே என்பர் சிலர். அதற்கும் மறுப்பு உண்டு: மெல்லிய கைப்பேசியையும் துணை மின்கலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால், தடித்த கைப்பேசியினும் தடிப்பு மிகுமன்றோ? மிகும் என்பது உண்மையே. எனினும் மழை பெய்யும் நாளில் கம்பளியைத் தலையிலிட்டுச் செல்பவர், வெயில் நாளில் அதனை வீட்டில் வைத்துவிட்டே செல்கின்றார். தடித்த கைப்பேசியின் சுமையை அவ்வாறு வீட்டில் வைத்துச் செல்லுதல் இயலாது.

விலையையும் கூறாமல் விடுதற்கில்லை. ஐபோன் ஏர் இந்தியாவில் வெளியானபோது அதன் தொடக்க விலை 1,19,900 ரூபாய். சிறு தோட்டக்காரர்க்கு இது பெரும்பொருள். எதிர்பார்த்த அளவிற்கு அது விற்பனையாகவில்லை என்று 2025ஆம் ஆண்டின் இறுதியில் செய்திகளும் வந்தன. பலர் வாங்காமை ஒரு பொருள் ஒருவர்க்குப் பொருந்தாது என்பதற்குச் சான்றாகாது. பலர் வாங்குதலும் பொருந்தும் என்பதற்குச் சான்றாகாது.

திறனாய்வோர் கூறிய குறைகளுள் மலையில் வாழ்வார் எளிதிற் கடந்துவிடலாகாத ஒன்று எஞ்சியுள்ளது. ஏரில் சிம் அட்டையைச் செருகுதற்கு இடமே இல்லை. அதன் எண் கருவிக்குள்ளேயே பதியப்பெறும். மின்கலம் தீர்ந்துவிட்டால் அட்டையைக் கழற்றி அயலாரின் கைப்பேசியில் இட்டுப் பேசும் பழக்கம் மலையூர்களுக்கு நன்கு பயன்படுவது. இக்கருவியில் அதற்கு வழியில்லை. ஆதலின் அதனை வாங்கும் தோட்டக்காரர் தம் பழைய தடித்த கைப்பேசியை விற்றுவிடாமல், அதில் வேறொரு சிம் அட்டையை இட்டு, முழுதும் மின்னேற்றி, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வீட்டு மாடத்தில் வைத்திருத்தல் நன்று.