முந்திரிகைத் தோட்டம் பார்க்க பிரான்ஸுக்கா போகவேணும்? கிரானில் பஸ் ஏறினால் போதும், தெரியுமா?

வைன் விளையும் ஊர் என்றதும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று மூன்று பெயர் வாயில் வந்து நிற்கும். விசா, விமான டிக்கெட், குளிர்ச்சட்டை என்று கணக்குப் பார்ப்போம், அதோடு ஆசை அடங்கிவிடும். ஆனால், மட்டக்களப்புக் கிரான் சந்தியில் இரவு யாழ்ப்பாண பஸ்ஸை மறித்து ஏறினால், அடுத்த நாள் முந்திரிகைப் பந்தலுக்குக் கீழே நிற்கலாம் என்று தெரியுமா? கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், அச்சுவேலி என்று வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் திராட்சை காய்க்கிறது. அந்தப் பழத்தில் வைனும் வடித்திருக்கிறார்கள். வடித்தவர்கள் சாராய முதலாளிகள் அல்ல, துறவிகள்!

எப்படி என்று கேட்கிறீர்களா? அதற்கு உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றவேண்டும்.

மனிதன் திராட்சையைப் புளிக்கவைத்து 8,000 வருடமாகிறது. இன்றைய ஜோர்ஜியா நாட்டு மண்ணில் கிடைத்த பானைத் துண்டுகள்தான் சாட்சி. இன்றைக்கும் அங்கே பெரிய மண்சாடிகளைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, அதற்குள்ளேதான் வைன் செய்கிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த முறையை மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. சரி, தமிழருக்கு வைன் புதிதா? இல்லவே இல்லை! புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பேசுகிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டியபோது, ரோமர் வைன் ஏற்றி அனுப்பும் இரண்டு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. குடித்திருக்கிறோம், கொடிதான் நடவில்லை.

கொடி எப்படி வந்தது? இங்கேதான் அதிசயம். உலகத்தில் பல இடங்களுக்குத் திராட்சைக் கொடியைக் கொண்டுபோனது குடிகாரர்கள் அல்ல, குருமார்! கத்தோலிக்கப் பூசைக்கு வைன் இல்லாமல் முடியாது. அதுவும் திராட்சைப் பழத்திலிருந்து வந்த, கெட்டுப்போகாத இயற்கையான வைனாக இருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 924 சொல்கிறது. புளியந்தீவு மரியாள் பேராலயமானாலும் ஆயித்தியமலை மாதா கோயிலானாலும் சட்டம் ஒன்றுதான். கப்பல் வராத ஊரில் குருவானவர் என்ன செய்வார்? கொடி நடுவார். 1769இல் கலிபோர்னியாவில் கால்வைத்த பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் பின்னால்தான் அங்கே கொடி படர்ந்தது. அந்தத் திராட்சைக்கே 'மிஷன்' என்று பெயர்! தமிழ்நாட்டுக்குப் பன்னீர் திராட்சையை 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். யாழ்ப்பாணத்துக் கதையும் அதே பாதையில்தான் போகிறது.

பலாலிக்குப் பக்கத்தில் வசாவிளான். அங்கே தோலகட்டி என்றொரு இடம். 1928இல் அமலமரித் தியாகிகள் சபைக் குரு பி. ஏ. தோமஸ் அடிகளார் அங்கேதான் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய சபை அல்ல, இந்த மண்ணிலேயே முளைத்த தியானத் துறவற சபை. செபம் ஒரு பக்கம், தோட்டவேலை மறுபக்கம். அந்த உழைப்பில் வந்தவைதான் தோலகட்டி வைனும், அதைவிடப் பேர்போன தோலகட்டி நெல்லி ரசமும். யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்களிடம் "தோலகட்டி" என்று சொல்லிப்பாருங்கள். ஆச்சிரமத்தைச் சொல்லமுன்னம் போத்தலைத்தான் சொல்வார்கள்! 1990இல் வலிவடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது துறவிகளும் எழும்பவேண்டி வந்தது. ஊர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. கொடியும் கிணறும் கைவிட்டுப்போன அந்தக் கதை, வாகரைக்கும் கிரானுக்கும் புதிதல்லவே.

இன்னொன்று தெரியுமா? குளிர் நாட்டில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் எழும்பும். வருடத்துக்கு ஒரே அறுவடை. நம்முடைய வெயிலில் அதற்கு உறக்கமே கிடையாது! அப்போ அதைப் பூக்கவைப்பது யார்? கத்தரிக்கோல்! தோட்டக்காரர் கொடியை ஒட்ட வெட்டிவிட்டால் அது புதுத் துளிர் விட்டுப் பூத்துக் காய்க்கும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். அறுவடை எப்போது என்பதைப் பருவம் முடிவுசெய்வதில்லை, தோட்டக்காரர் முடிவுசெய்கிறார். மாரிமழை காய்க்கிற நேரத்தில் விழுந்தால் பூஞ்சணம் பிடித்துக் குலையோடு போய்விடும். அதனால்தான் மழைக்குத் தப்பக் கணக்குப் பார்த்து வெட்டுகிறார்கள்.

பந்தலுக்குக் கீழே போனால் குனிந்துதான் நடக்கவேண்டும். தூணுக்குத் தூண் கம்பி, கம்பி முழுக்கக் கொடி, தலைக்குமேலே இலை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே பச்சை நிழல். வௌவாலுக்கும் குருவிக்கும் பயந்து வலை போட்டிருப்பார்கள். ஒரு குலையைக் கிட்டப் பாருங்கள். கறுப்புப் பழத்தின்மேல் மெல்லிய வெண்படலம் இருக்கும், பெருவிரலால் தடவினால் அழியும். மருந்துத்தூளோ என்று பயப்படாதீர்கள், அது பழத்தின் சொந்த மெழுகு! அந்தத் தோலில் ஒட்டியிருக்கும் மதுவங்களே சாற்றைப் புளிக்கவைத்துவிடும். தோலை உரித்தால் உள்ளே சதை ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும். சிவப்பு வைனின் சிவப்பெல்லாம் தோலிலிருந்து இறங்குவதுதான். கறுப்புத் திராட்சையைப் பிழிந்து தோலை உடனே நீக்கினால் வெள்ளை வைன்! நம்ப முடிகிறதா?

கள்ளுக்கும் வைனுக்கும் நெருங்கிய சொந்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாளையைச் சீவி முட்டி கட்டினால் இறக்குவதற்குள்ளேயே கள் புளிக்கத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் மதுவம் அடங்கி, கருப்பநீராக இறங்கும். கள்ளிலும் வைனிலும் சீனியைத் தின்று மதுசாரமாக மாற்றுவது ஒரே இனத்து நுண்ணுயிர்தான். கள்ளில் மதுசாரம் ஐந்து வீதத்தை ஒட்டி நிற்கும், வைனில் பன்னிரண்டையும் தாண்டி ஏறும். ஐரோப்பியர் மேசையில் வைத்துப் பெருமை பேசுவதை நம்மவர் பிளாவில் குடித்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, எப்போது வெளிக்கிடுவது? கார்த்திகை, மார்கழி வேண்டவே வேண்டாம். தோட்டமும் நனைந்திருக்கும், கிரான் பாலத்தை வெள்ளம் மூடினால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சந்திக்கு வரவே வழியிருக்காது! வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை நல்ல காலம். ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போயா நாளில் நாடு முழுக்க மதுபான விற்பனை இல்லை, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த நாளும் இல்லை. பஸ் ஓட்டமாவடி தாண்டி, புணானை, பொலன்னறுவை, ஹபரணை வழியாக மரதன்கடவலையில் ஏ-9 வீதியைப் பிடிக்கும். மறுகா வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. ரயிலில் போக நினைத்தால் மாகோவரை போய் இறங்கி வடக்குப் பாதைக்கு மாறவேண்டும், இரண்டு நாள் பயணத்துக்கு அது தோதுப்படாது.

காலையில் பலாலி வீதியால் தோலகட்டி இருக்கிற வசாவிளான் பக்கம், வெயில் ஏறமுன்னம் கோப்பாய், நீர்வேலித் தோட்டங்கள். வேலியில் நின்று "அண்ணை, பழம் இருக்கோ?" என்று கேளுங்கள். இருந்தால் "உள்ள வாங்கோ" என்பார்கள். இனித்தால் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் திராட்சை பறித்த பிறகு பழுக்காது! புளிக்கும் குலையை வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் அது புளிக்கும் குலைதான்.

கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கொழும்பிலிருந்து விமானத்தில் மதுரை, அங்கிருந்து பஸ்ஸில் தேனி, கம்பம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் அந்தப் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கத் திராட்சை பறிக்கிறார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தாய்லாந்தில் சாவோ பிரயா ஆற்றுக் கழிமுகத்திலோ வாய்க்காலுக்கு நடுவே வரப்புப் போட்டுக் கொடி நட்டு, தோணியில் போய்ப் பழம் பறிக்கிறார்கள்! வாவிக்கரையில் பிறந்த நமக்கு ஏன் இந்த யோசனை வரவில்லை?

எங்கேயும் போக வசதியில்லையா? நம்முடைய மட்டக்களப்புக் காட்டோரம் மரமுந்திரிகை பழுக்கும் காலத்தில் நிலமெல்லாம் பழம் விழுந்து கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை உப்புத் தொட்டு ஒரு கடி கடித்து எறிந்துவிடுவோம். அதே பழத்தைக் கோவாவில் மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து, வடித்து 'பெனி' என்று விற்கிறார்கள். அதற்கு 2009இலேயே புவிசார் குறியீடு!